ஒரு மீட்டர் அகலத்தில் ஹனோய் வரை

(எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள் தம்பி, நான் அவ்வளவு உயரம் இல்லை. சரி, பின்வரிசைக்குக் கேட்கிறதா?

நானும் என் வீட்டுக்காரரும் 2024 ஜனவரியில் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து வியட்நாமின் தலைநகர் ஹனோய் வரை தரை வழியாகப் போனோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு விமானம், ஹனோயிலிருந்து திரும்ப ஒரு விமானம். இடையில் ஐந்து வாரமும் ரயில், பஸ், நடை. பினாங்குத் தீவுக்குப் போன படகை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

"ரிட்டயர் ஆன டீச்சருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று என் தங்கை கேட்டாள். ஆசை என்னுடையது இல்லை, இவருடையது. அதோ, மூன்றாவது வரிசையில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். செங்கோட்டை – புனலூர் லைனில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, அந்த ஆட்களுக்குத் தலைவரான 'மேட்' ஆக ஓய்வு பெற்றவர். அந்த மலை லைன் மீட்டர் கேஜாக, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலமாக, இருந்தது உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். அகலப்பாதையாக்குவதற்காக 2010இல் வண்டிகளை நிறுத்தினார்கள். கடைசி வண்டி போன அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை. வருஷங்கள் கழித்து ஒரு நாள் பேரனின் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, "டீச்சர், ஜோகூரிலிருந்து ஹனோய் வரைக்கும் ரயில் ஓடுற இடமெல்லாம் மீட்டர் கேஜ்தானாம்" என்றார். கலியாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். என் தையல் பெட்டியில் இருந்த டேப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ஒரு ரயில் இருக்கிறது. ஐந்தே நிமிஷப் பயணம். 1924இல் திறந்த கடற்பாலத்தின் மேல் போகிறது. இரண்டு நாட்டு முத்திரையையும் ஏறுவதற்கு முன்பே குத்திவிடுகிறார்கள். இந்தப் பக்கம் ஏறினால் 5 சிங்கப்பூர் டாலர், அந்தப் பக்கம் ஏறினால் 5 ரிங்கிட். ஒரு டாலருக்கு மூன்றரை ரிங்கிட் கிடைத்த நேரம் அது. எண் ஒன்றுதான், காசு வேறு. முன்பெல்லாம் ரயில் சிங்கப்பூர் நகரத்துக்குள்ளேயே தஞ்சோங் பகார் வரை போகும். 2011இல் அதை மூடிவிட்டார்கள். இவர் அந்தப் பழைய ஸ்டேஷனையும் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் தேக்கா பகுதியில் இட்லி சாப்பிடலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஜோகூர் பாருவிலிருந்து கெமாஸ் என்ற ஊர் வரை பழைய டீசல் வண்டி, ஆடி ஆடிப் போனது. அங்கிருந்து மின்சார வண்டி. பெட்டிக்குள் ஒரு திரையில் வேகம் ஓடிக்கொண்டிருந்தது. அது 140ஐத் தொட்டதும் இவர் எழுந்து நின்றுவிட்டார். "மீட்டர் கேஜ்ல நூத்தி நாப்பது! டீச்சர், மீட்டர் கேஜ்ல!" என்றார். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி ஏதோ ஆபத்து என்று நினைத்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோலாலம்பூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு ஒருவர் போய் வந்திருப்பீர்கள். பினாங்கில் நாசி கண்டார் சாப்பிட்டோம். நாசி என்றால் சோறு, கண்டார் என்பது இரண்டு முனையிலும் சுமை தொங்கும் கம்பு, நம் காவடி மாதிரி. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் அப்படித் தோளில் தூக்கிப்போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றிருக்கிறார்கள். இப்போது ஏசி கடையில் தட்டில் வருகிறது. நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றிவிடுகிறார்கள். என் அம்மா பார்த்தால் திட்டுவாள். ருசியோ ருசி.

பாடாங் பெசார் என்பது மலேசியாவும் தாய்லாந்தும் சந்திக்கும் ஸ்டேஷன். ஒரே கட்டடத்தில் ஒரு சன்னலில் மலேசியாக்காரர் வழியனுப்புகிறார், அடுத்த சன்னலில் தாய்லாந்துக்காரர் வரவேற்கிறார். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுகிறோம். மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டோம், மறுபடியும் மணி ஒன்றரை. இவருக்குத் திரும்பவும் பசித்துவிட்டது. ஹாட்யாய் போய் இறங்கியதும் ஒரு லெவல் கிராசிங்கில் என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டுக் குனிந்து டேப்பைப் போட்டார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உள்விளிம்புக்கு உள்விளிம்பு சரியாக நூறு சென்டிமீட்டர். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

பாங்காக்கில் சீலோம் தெரு மாரியம்மனைப் பார்த்தோம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஆட்கள் கட்டிய கோயில். ஆனால் எனக்கு அங்கே மனசில் நின்றது ராட்சத ஊஞ்சல். சிவப்பாக வானத்துக்கு நிற்கும் மரத்தூண்கள். ஊஞ்சல் ஆடுவதை 1935இலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சடங்கின் பெயர் என்ன தெரியுமா? திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவை, திருப்பாவை! அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி இன்றும் அந்தச் சடங்கை நடத்துகிறார்கள். முப்பது வருஷம் வகுப்பில் திருவெம்பாவை நடத்தியவள் நான். அந்தத் தூணுக்குக் கீழே நின்றுகொண்டு முதல் பாட்டை மெதுவாகச் சொன்னேன். பஸ் ஹாரனில் இவருக்கே கேட்கவில்லை.

காஞ்சனபுரிக்குத் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து மூன்றாம் வகுப்பில் போனோம். ஆளுக்கு 100 பாட், சன்னலெல்லாம் திறந்தே இருக்கும். இதுதான் சயாம் மரண ரயில் பாதை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர். தண்டவாளத்தில் ஒரு பங்கை மலாயாவின் கிழக்குக்கரை லைனில் இருந்தே பெயர்த்துக்கொண்டு போனார்கள். தண்டவாளத்தை மட்டுமா, ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் சனங்களையும்தான். நல்ல கூலி, அரிசி என்று சொல்லி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். வர மறுத்தவர்களைப் பிடித்தும் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். ஜப்பானியரிடம் பிடிபட்டு அங்கே வேலை செய்த போர்க்கைதிகளில் 12 ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளுக்குச் சரியான பேரேடே கிடையாது. 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஊருக்கு நடுவில் அந்தப் போர்க்கைதிகளின் கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு, சிலவற்றில் அம்மாவோ மனைவியோ எழுதிய ஒரு வரி. புல்லைச் சீராக வெட்டி, கல்லுக்குக் கல் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அந்தப் பையன்களும் இருபது, இருபத்திரண்டு வயசுக்காரர்கள். ஆனால் நான் ஒவ்வொரு வரிசையாக நடந்து, ஒரு முனியம்மா, ஒரு ராமசாமி கிடைக்க மாட்டாரா என்று தேடினேன். கிடைக்காது என்று தெரியும். சும்மா தேடினேன்.

குவாய் ஆற்றுப் பாலத்தில் சுற்றுலாக்காரர்கள் தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். இவரும் நடந்தார். கட்டையைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார். வளைவுப் பகுதிகள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை, நடுவில் சதுரமாக இருப்பவை குண்டு விழுந்த பிறகு மாற்றியவை. டேப்பை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. அன்று முழுக்க அதிகம் பேசவும் இல்லை.

அடுத்து கம்போடியா. அரண்யபிரதேட்டில் இறங்கி, நடந்தே எல்லையைத் தாண்டிப் பொய்பெட் போக வேண்டும். ரயில் பாலத்தை 2019இல் மறுபடி இணைத்திருந்தாலும் நாங்கள் போனபோது பயணிகள் வண்டி ஓடவில்லை. இவருக்கு அது பெரிய வருத்தம். இரண்டு நாட்டுக்கும் நடுவில் வரிசையாகச் சூதாட்ட விடுதிகள், தள்ளுவண்டிகள். நாங்கள் வந்த பிறகு, 2025இல் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டு அந்த வாசலையே மூடிவிட்டார்கள். போக நினைப்பவர்கள் நன்றாக விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கம்போடியாவில் இரண்டு காசு ஓடுகிறது, அமெரிக்க டாலரும் ரியலும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். ஒரு டாலருக்குக் கீழான மீதியை ரியலில் தருவார்கள். டாலர் நோட்டில் நகம் அளவு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். என்னிடம் ஓரம் கிழிந்த இருபது டாலர் ஒன்று வந்துவிட்டது. இளநீர்க்காரி அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள், நான் கடையில் புடவையைத் திருப்பிப் பார்ப்பது மாதிரி, அப்புறம் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தாள். ஐந்து கடை ஏறி இறங்கி, கடைசிவரை செல்லாமல் அது இன்னும் என் சாமி அறையில் இருக்கிறது.

அங்கோர் வாட்டில் பாற்கடலைக் கடையும் சிற்பம் 49 மீட்டர் நீளம். நம் ஊர்க் கோயில் தூணில் ஒரு சாண் அளவில் பார்த்த கதை. அங்கே வாசுகியின் உடம்பு முடிவதற்குள் எனக்குக் கால் வலித்துவிட்டது.

புனோம்பெனில் மூன்று நாள் இருப்பதாகத் திட்டம், எட்டு நாள் ஆகிவிட்டது. வியட்நாம் இ-விசா படிவத்தில் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்று எழுத வேண்டும். எங்களுக்கு நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட் சைகோன் விமான நிலையத்தை எழுதிவைத்திருந்தார். நாங்களோ பஸ்ஸில் மோக் பாய் எல்லை வழியாகப் போகிறவர்கள். மறுபடியும் ஆளுக்கு 25 டாலர் கட்டி, காத்திருந்தோம். நடுவில் சனி, ஞாயிறு வேறு. அதற்காக நாங்கள் போட்ட சண்டையை இங்கே சொல்ல முடியாது. படிவத்தைச் சரிபார்த்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில் துவோல் ஸ்லெங் போனோம். உயர்நிலைப் பள்ளியாக இருந்த இடம். எழுபதுகளில் கெமர் ரூஜ் என்ற கொடூரக் கூட்டம் நாட்டை ஆண்ட காலத்தில் சிறையாக்கிவிட்டார்கள். வகுப்பறைக்குள்ளேயே செங்கல் வைத்து ஆள் நீட்டிப் படுக்க முடியாத அளவுக்குத் தடுப்புகள். மாடிப்படி, வராந்தா, மணி மாட்டும் இடம் எல்லாம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மாதிரியே இருந்தது. இரண்டாவது கட்டடத்துக்கு நான் போகவில்லை, வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனோம். அந்த டோன்லே சாப் ஆறு மழைக்காலத்தில் மேகாங் பொங்கும்போது திரும்பி ஏரியை நோக்கி ஓடுமாம். நாங்கள் பார்த்தபோது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புனோம்பெனுக்கும் சைகோனுக்கும் நடுவில் ரயிலே இல்லை, ஒருநாளும் போட்டதில்லை. அந்தப் பஸ் பயணம் முழுக்க இவர் தூங்கிவிட்டார். சைகோனில் ட்ருவாங் டின் தெருவிலும் ஒரு மாரியம்மன். கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். கருவறையின் பின்சுவரில் நெற்றியை வைத்து, வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுக்கிறார்கள். ஒரு பெண் ரொம்ப நேரம் பேசினாள். அவள் சொன்னது எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அம்மனுக்குப் புரிந்திருக்கும், நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே இருக்கிறாள்.

சைகோனிலிருந்து ஹனோய் 1,726 கிலோமீட்டர். 1936இல் முடித்த லைன். நாடு இரண்டானபோது அறுந்து, போர் முடிந்து 1976 கடைசியில்தான் மறுபடி முழுசாக ஓடியது. நாங்கள் தா நாங்கிலும் ஹுவேயிலும் இறங்கி இறங்கிப் போனோம். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஹாய் வான் கணவாய். ஒரு பக்கம் காட்டு மலை, ஒரு பக்கம் நேர் கீழே கடல். வண்டி மூச்சு வாங்கி ஏறுகிறது, குகைக்குள் போய் வெளியே வருகிறது, வளைவில் நம் பெட்டியிலிருந்தே இன்ஜினைப் பார்க்கலாம். இவர் சன்னலை விட்டு நகரவில்லை. "கண்ணை மூடிட்டு சத்தத்தை மட்டும் கேளுங்க டீச்சர்" என்றார். மூடிக் கேட்டேன். நம் செங்கோட்டை லைனின் ஆரியங்காவு ஏற்றம்தான், அதே தடதடப்பு.

ஹனோயில் கடைசி நாள். 1902இல் கட்டிய லாங் பியென் பாலத்தில் செவ்வாற்றைத் தாண்டி, கியா லாம் ஸ்டேஷனையும் தாண்டி வடக்கே நடந்தோம். ஒரு லெவல் கிராசிங்கில் இவர் சட்டென்று நின்றார். கீழே மூன்று தண்டவாளம். சீனாவின் லைன் அகலமானது, அந்த வண்டிகளும் வர வேண்டும் என்பதற்காக எல்லையிலிருந்து இதுவரைக்கும் ஒரே கட்டையில் மூன்றாவது ஒன்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இவர் குனிந்தார். முதலில் ஒரு ஓரத் தண்டவாளத்திலிருந்து நடுவில் உள்ளது வரை டேப் போட்டார், நூறு. அப்புறம் கடைசித் தண்டவாளம் வரை நீட்டினார். தையல் டேப் நூற்றைம்பதுதான், எட்டுமா என்று எனக்கே பதற்றம். எட்டியது. நூற்று நாற்பத்து மூன்றரை. கேட் காக்கும் அம்மா சிவப்புக் கொடியோடு ஓடி வந்து திட்டினாள். இவர் எழுந்து, தன் நெஞ்சைத் தொட்டு, தண்டவாளத்தைக் காட்டி, சுத்தியலால் அடிப்பது போல் கையை ஆட்டினார். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் தன் அறைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அடுத்த வண்டி வரும்வரை இவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

டேப் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, நான் வேறு வாங்கிக்கொண்டேன். கேள்வி இருந்தால் கேளுங்கள். ரயில் கேள்வியை எல்லாம் மூன்றாவது வரிசைக்கு அனுப்பிவிடுகிறேன்.