தேன் தொழிலில் நிலைக்க வைப்பது முதலீடா, பழக்கமா? "பழக்கமே" அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தேன் தொழிலில் ஒருவரை நிலைக்க வைப்பது கையிலிருக்கும் பணமா, சின்ன வயதிலிருந்தே தேனீயோடு பழகிய பழக்கமா? "ஐம்பது பெட்டி வாங்கி ரப்பர் தோட்டத்தில் வைத்தால் போதும்" என்றார் எதிரணி நண்பர். கன்னியாகுமரி மாவட்டத்தைக் காட்டினார். சரி, அங்கேயே போவோம்.

1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. சுற்றுவட்டாரமெங்கும் பெட்டிகள் பெருகின. 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் வந்தது. பெட்டி, தேனீ அடை கட்டும் மரச் சட்டம், தேன் பிழியும் இயந்திரம் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன, தேனீதான் இல்லை. முதலீடு காப்பாற்றியதா ஐயா? நோயைத் தாங்கி நின்ற சில கூட்டங்களை அடையாளம் கண்டு, பிரித்துப் பெருக்கியவர்களால்தான் தொழில் மறுபடி எழுந்தது.

அந்தக் கண் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? நம் இந்தியத் தேனீ கூட்டம் பெருத்தால் பிரிந்து பறந்துவிடும். அதற்குமுன் அடையின் கீழ் விளிம்பில், புது ராணி வளரும் ராணி அறை நிலக்கடலை போலத் தொங்கும். முட்டையிட்ட எட்டாம் நாள் வாக்கில் அறை மூடும். மூடியதும் பழைய ராணி பெரும்பங்கு தேனீக்களோடு கிளம்பிவிடும். வாரம் ஒருமுறை பார்க்காதவருக்கு மிஞ்சுவது பாதிப் பெட்டி. பழகிய கை என்ன செய்யும்? ராணி அறையுள்ள சட்டம் ஒன்று, புழுச் சட்டம் இரண்டு, தேன் சட்டம் ஒன்று எடுத்து, மேலிருக்கும் தேனீக்களோடு புதுப்பெட்டியில் வைக்கும். பழைய பெட்டியில் மிச்ச ராணி அறைகளைக் கிள்ளிவிடும். ஓட இருந்த கூட்டம் இரண்டு கூட்டமாகிறது. இதற்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

மழைக்காலத் தீவனமும் அப்படித்தான். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, மாலையில், பெட்டிக்குள்ளேயே. வெளியே சிந்தினால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும். தேன் சேரும் மேலடுக்கான தேன் அறையை ஏற்றுமுன் தீவனத்தை நிறுத்தாவிட்டால் சர்க்கரைப் பாகு தேனில் கலந்துவிடும். அப்புறம் அதைத் தேன் என்று விற்பது நியாயமா?

சந்தைக் கணக்கு பேசினார்கள். அந்தக் கணக்கும் அடையிலேதான் தொடங்குகிறது. தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. முக்கால் பங்கு அடை மெழுகு மூடுமுன் அவசரப்பட்டுப் பிழிந்தால் ஈரம் கூடி, புட்டியில் நுரைத்துப் புளிக்கும். ஈரத்தைக் குறைக்கக் கண்டபடி சூடாக்கினால் மணம் போய்விடும். இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், பிழியும் நாளைச் சொல்வது பார்க்கிறவர்தான்.

எதிரணியில் அடுத்துப் பேசுபவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் துளிர்த்து, இலைக்காம்பில் தேன் சுரக்கிறது. ஐம்பது பெட்டியில் ஒன்றில் மட்டும் ஒரே அறைக்குள் இரண்டு மூன்று முட்டை கிடக்கிறது. ராணி செத்து, வேலைக்காரத் தேனீ முட்டையிடுகிறது என்று அதைப் பார்த்ததும் உங்களில் யார் சொல்வீர்கள்?