அத்தியாவசிய மருந்துக்கு 18 சதவீத வரி: உங்கள் பல் சொத்தைக்கு யார் பொறுப்பு?

வணக்கம். உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த ஒரு பொருள் இன்று காலையில் உங்கள் வாய்க்குள் போயிருக்கும். பல் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு கலந்த டூத்பேஸ்ட்தான் அது. அந்த மருந்துக்கு 2025 செப்டம்பர் 21 வரை நாம் செலுத்திவந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் உள்ளன, அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனர்.

இப்போது வரிக்கு வருவோம், ஏனெனில் சுவையான பகுதி இதுதான். பேஸ்டுக்கு 18 சதவீதம் இருந்த அதே காலத்தில் பல்பொடிக்கு 12 சதவீதம்தான். பல பொடிகளில் ஃப்ளோரைடு கிடையாது. ஆக, சொத்தையைத் தடுக்கும் பொருளுக்கே கூடுதல் வரி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பில் கூலிக்குப் போகும் பெண்ணும் எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் இருக்கும் மில் முதலாளியும் ஒரே பேஸ்டுக்கு ஒரே தொகையை வரியாகக் கட்டினார்கள். அவருடைய ஒரு நாள் கூலியில் அது எவ்வளவு, இவருடைய ஒரு நாள் வருமானத்தில் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம் ஆகியிருப்பது நல்ல முடிவு. ஆனால் தாமதமான முடிவு.

குளிர்பானத்துக்கு 40 சதவீதம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் சர்க்கரை நிறைந்த சோடாவும் சர்க்கரையே இல்லாத டயட் சோடாவும் அதே 40 சதவீதத்தைத்தான் கட்டுகின்றன! பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்த வரி, 100 மில்லிலிட்டரில் 5 கிராமா 8 கிராமா என்று சர்க்கரையின் அளவைப் பார்த்து ஏறுகிறது. அதனால் நிறுவனங்களே சர்க்கரையைக் குறைத்தன. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை சுமார் 12 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நம் வரி கஜானாவைப் பார்க்கிறது, அவர்கள் வரி பல்லைப் பார்க்கிறது என்பது என் கருத்து; மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள்.

பேஸ்டில் ஃப்ளோரைடு நல்லது என்றால், அதே பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் நம் மக்கள் ஃப்ளோரைடால் ஏன் அவதிப்படுகிறார்கள்? பேஸ்டைத் துப்பிவிடுகிறோம், தண்ணீரைக் குடிக்கிறோம். மழை குறைந்த இப்பகுதியில் ஆழ்துளைக் கிணறு பாறைக்குள் இறங்குகிறது. அந்தப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை, நிரந்தரப் பற்கள் உருவாகும் எட்டு வயதுக்குள் தொடர்ந்து குடிக்கும் குழந்தையின் பற்களில் கறை விழுகிறது. எத்தனை முறை துலக்கினாலும் அது போகாது. ஆனால் பள்ளியில் திட்டு வாங்குவது அந்தக் குழந்தைதான். கேன் தண்ணீர் வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளை தப்பிக்கிறது. இது புதிய செய்தியுமல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், எலும்பையே முடக்கும் ஃப்ளோரைடு நோய் 1937-லேயே பதிவாகியிருக்கிறது.

சிகிச்சையைப் பற்றி ஒரு வாக்கியம்: அரசின் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகிறது, சொத்தையை அடைக்க யாரும் படுப்பதில்லை.

கேரள அரசின் மந்தஹாசம் திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயதைக் கடந்த முதியோருக்குப் பல்செட் வழங்குகிறது. பாராட்டுகிறேன், தகுதியுள்ளவர்கள் தவறாமல் விண்ணப்பியுங்கள். ஆனால் எல்லாப் பல்லும் விழும்வரை அரசு எங்கே இருந்தது என்றும் கேளுங்கள்.

அடுத்த கிராம சபையில் உங்கள் வார்டின் குடிநீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று எழுத்து மூலம் கேளுங்கள்; கேரள நீர் ஆணையத்தின் ஆய்வகங்களில் அதைப் பரிசோதிக்கலாம். கிடைத்த எண்ணை ஊர்ப் பெயருடன் கமெண்டில் பதியுங்கள்.