விடை தெரியாத அம்மாதான் நல்ல கணக்கு வாத்தியார்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"பிள்ளைகளின் கணக்கறிவை வளர்ப்பது துணைப்பாட வகுப்பா, குடும்பமாகச் சேர்ந்து போடும் புதிரா?" இதுதான் இன்றைய தலைப்பு. புதிர்தான் என்று சொல்லும் அணியில் நான் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "நம்மில் பலர் தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள். எண்களைப் பட்டைகளாக வரைந்து போடும் சிங்கப்பூர்க் கணக்கு நமக்குத் தெரியாது. வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பது?" நல்ல கைதட்டல் கிடைத்தது. என் பதில் இதுதான்: யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

வகுப்பில் ஆசிரியருக்கு விடை தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் இருந்தால் விடை பலகைக்கு வந்துவிடும், பார்த்து எழுதிக்கொள்ளலாம். வீட்டில் புதிர் போடும்போது அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அங்கே பிள்ளை பேசியே ஆக வேண்டும். "இல்லம்மா, அது வராது" என்றால் அம்மா விடுவாரா? "ஏன் வராது?" என்பார். அதற்குக் காரணம் சொல்லப் பழகுகிற பிள்ளைக்குத்தான் கணக்கு வரும்.

நம் ஊர்ப் புதிர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2015 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சுற்றியதே, செரிலின் பிறந்தநாள் புதிர்! சிங்கப்பூர், ஆசியப் பள்ளிகளுக்கான கணித ஒலிம்பியாட் போட்டியில் கேட்ட கேள்வி அது. தொடக்கநிலை 5 கணக்கு என்று முதலில் பரவி, பெற்றோர் பலர் பயந்தேபோனார்கள். உண்மையில் அது உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கானது.

செரில் பத்து தேதிகள் தருகிறாள். மே 15, 16, 19. ஜூன் 17, 18. ஜூலை 14, 16. ஆகஸ்ட் 14, 15, 17. இதில் ஒன்றுதான் அவள் பிறந்தநாள். ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும் சொல்கிறாள், பெர்னார்டிடம் தேதியை மட்டும். ஆல்பர்ட் சொல்கிறான்: "எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்." பெர்னார்ட்: "முதலில் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது." ஆல்பர்ட்: "அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது."

தாளில் தனியாகப் படித்தால் தலை சுற்றும். நடித்துப் பாருங்கள். அம்மா செரில். மகள் காதில் மாதம், மகன் காதில் தேதி. பாட்டி கையில் பத்து தேதியும் எழுதிய தாளும் பேனாவும்.

18, 19 இரண்டும் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. தம்பி காதில் அவை விழுந்திருந்தால் அவன் அப்போதே துள்ளியிருப்பான். அவனுக்குத் தெரியாது என்று அக்கா அடித்துச் சொல்கிறாள் என்றால், அவள் காதில் விழுந்தது மேயும் இல்லை, ஜூனும் இல்லை. பாட்டி அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிடலாம். மிச்சம் ஐந்து. இப்போது தம்பி "எனக்குத் தெரிந்துவிட்டது" என்கிறான். 14 என்றால் ஜூலையா ஆகஸ்ட்டா என்று இன்னும் முழித்துக்கொண்டிருப்பான், அதனால் 14 போயிற்று. கடைசியில் அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட்டில் இரண்டு தேதி பாக்கி, ஜூலையில் ஒன்றுதான். ஜூலை 16!

இந்தப் புதிரில் கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. அடுத்தவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசிப்பதுதான் கணக்கு. அதற்கு நாலு பேர் உட்கார்ந்திருக்கும் சாப்பாட்டு மேசையை விட நல்ல வகுப்பறை எது, நடுவர் அவர்களே?

"அதெல்லாம் சரி, தேர்வுக்கு உதவுமா?" என்பார்கள். 2021 தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் வந்த நாணயக் கணக்கு நினைவிருக்கிறதா? ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். எல்லாம் 50 காசும் 20 காசும்தான். ஹெலனிடம் 20 காசு 64, ஐவனிடம் 104. யாரிடம் எவ்வளவு அதிகப் பணம்? மொத்தம் எத்தனை நாணயம் என்று கேள்வியில் இல்லை. அதைத் தேடிப் போன பிள்ளைகள் திணறினார்கள்.

இதையே உண்டியலைக் கவிழ்த்து விளையாடிப் பாருங்கள். ஆளுக்குப் பத்து நாணயம். ஒருவரிடம் 20 காசு மூன்று, மற்றவரிடம் ஐந்து, மீதி 50 காசு. எண்ணினால் 4 வெள்ளி 10 காசு, 3 வெள்ளி 50 காசு. வித்தியாசம் 60 காசு. இப்போது இருவருக்கும் இன்னும் இரண்டு 50 காசு கொடுங்கள். திரும்ப எண்ணினால் அதே 60 காசு! மொத்த எண்ணிக்கை தேவையே இல்லை என்று அந்த நிமிடம் பிள்ளை கண்டுபிடிக்கும். அப்புறம் 104இல் 64 போனால் 40. ஹெலனிடம் 50 காசு 40 கூடுதல். ஒவ்வொன்றுக்கும் 30 காசு வித்தியாசம். 12 வெள்ளி ஹெலனிடம் அதிகம். ஒரு தடவை கையில் தொட்டுப் பார்த்ததைப் பிள்ளை தேர்வறையில் மறக்காது.

வாய்ப்பாடு தடுமாறுகிற பிள்ளைக்குத் துணைப்பாடம் தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாரம் முழுக்க வகுப்பு வகுப்பாக ஓடிக் களைத்த பிள்ளை கணக்கை எப்போது ரசிக்கும்?

நேரம் எங்கே என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்களே, அது நேரம்தான். எதிரே போகிற காரின் எண் 2571 என்றால், நான்கு இலக்கத்தையும் வைத்துப் பத்து கொண்டுவரச் சொல்லுங்கள். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டைக் கழி, ஒன்றால் பெருக்கு. வந்துவிட்டது.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒற்றை எழுத்து ஒன்று இருக்கிறதே, அது சும்மா ஒட்டிவைத்ததில்லை. முன்னால் உள்ள எழுத்துகளுக்கும் எண்களுக்கும் ஒரு கணக்குப் போட்டு, 19ஆல் வகுத்து வரும் மீதியைப் பார்த்து வைக்கிறார்கள். மீதி 0 முதல் 18 வரைதான் வர முடியும். ஆகவே அந்த இடத்துக்கு 19 எழுத்து போதும். ஆங்கிலத்தில் இருப்பதோ 26. மீதி ஏழு எழுத்துகள் சாதாரணக் கார்களின் கடைசி இடத்தில் வருவதே இல்லை.

அவை எந்த ஏழு? நான் சொல்லப்போவதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வாகன நிறுத்துமிடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து தேடுங்கள். தீர்ப்பு எங்கள் பக்கம் என்று நடுவர் சொல்வார் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.