ஹார்டிஞ்ச் பிரபு: தாத்தாவா, பேரனா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன வாரம் வங்கப் பிரிவினை பத்திப் பேசியிருந்தேன். அதுக்கு ஒரு தம்பி மூணு கேள்வி அனுப்பியிருக்கார், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர். அப்படியே படிக்கிறேன்: "ஐயா, சீக்கியப் போர் நடத்தின ஹார்டிஞ்ச் பிரபுவும், டெல்லியில குண்டு வீச்சுல காயம்பட்ட ஹார்டிஞ்ச் பிரபுவும் ஒருத்தரா? ஒரே குடும்பம்னா இவ்வளவு பெரிய பதவி எப்படி அந்த வீட்டுக்கே போச்சு? தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்காக ஹார்டிஞ்ச் மெட்ராஸ்ல பேசினார்ங்கிறாங்களே, அது உண்மையா?"

முதல்ல அந்தப் பெயர். இங்கிலாந்துல அதை 'ஹார்டிங்'னுதான் உச்சரிப்பாங்க. நம்ம பாடப் புத்தகத்துல ஹார்டிஞ்ச்னு நிலைச்சுப் போச்சு, நானும் அப்படியே சொல்றேன்.

ஒருத்தர் இல்லை தம்பி. தாத்தாவும் பேரனும். தாத்தா ஹென்றி ஹார்டிஞ்ச், 1844லருந்து 1848 வரைக்கும் கவர்னர் ஜெனரல். பேரன் சார்லஸ் ஹார்டிஞ்ச், 1910லருந்து 1916 வரைக்கும் வைஸ்ராய். குழப்பம் வராம இருக்க ஒரு வருஷத்தைப் பிடிச்சுக்கோங்க: 1858. கம்பெனி ஆட்சி முடிஞ்ச வருஷம் அது. பேரன் பிறந்ததும் அதே வருஷம்தான். தாத்தா 1856லயே இறந்துட்டார், பேரன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

தாத்தா ஒரு பாதிரியாரோட மகன். பெரிய ஜமீன் வம்சமெல்லாம் கிடையாது. சின்ன வயசுலயே பட்டாளத்துல சேர்ந்தார். 1815ல, வாட்டர்லூ போருக்கு ரெண்டு நாள் முன்னால லினிங்கிற இடத்துல நடந்த சண்டையில இடது கையை இழந்தார். அப்புறம் நாடாளுமன்றம், மந்திரி பதவி, அயர்லாந்து நிர்வாகம்னு ஏறி, 59 வயசுல இந்தியாவுக்கு வந்தார். 1845 டிசம்பர்ல சீக்கியப் போர் மூண்டது. கவர்னர் ஜெனரலா இருந்துக்கிட்டே, சேனாதிபதி கஃப்புக்குக் கீழ ரெண்டாம் நிலைத் தளபதியா களத்துல நின்னார். அந்தத் துணிச்சலை நான் மறுக்கலை. ஆனா போர் முடிஞ்சதும் நடந்ததைப் பாருங்க. 1846 மார்ச் 9ல லாகூர் உடன்படிக்கை. ஒன்றரைக் கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டாங்க. சீக்கிய அரசான லாகூர் தர்பாரால முழுசாக் கட்ட முடியலை. ஒரு கோடிக்கு ஈடா காஷ்மீரையும் சேர்த்து மலை நாட்டை எழுதி வாங்கிக்கிட்டாங்க. ஒரே வாரம், மார்ச் 16ல அமிர்தசரஸ் உடன்படிக்கை, அந்த நாட்டை 75 லட்சத்துக்கு ஜம்மு ராஜா குலாப் சிங்கிட்ட கொடுத்தாச்சு. அங்க வாழ்ந்த ஒரு விவசாயியையோ நெசவாளியையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். ஹார்டிஞ்சுக்குக் கிடைச்ச பிரபு பட்டத்துலயே 'லாகூர்'ங்கிற பெயர் இருக்கு.

ரெண்டாவது கேள்வி, பதவி எப்படி ஒரே வீட்டுக்குப் போச்சு. இதுக்கு நம்ம ஊர்ச் சொல்லு ஒண்ணு சரியாப் பொருந்தும்: சகலை. ஹென்றிக்கு முன்னால இங்க கவர்னர் ஜெனரலா இருந்தவர் எல்லன்பரோ. ரெண்டு பேரும் லண்டன்டெரி பிரபு வீட்டுப் பெண்களைக் கட்டினவங்க. அந்தப் பெண்களோட அண்ணன் யாரு? நெப்போலியன் காலத்துல பிரிட்டனோட வெளியுறவு அமைச்சரா இருந்த காசல்ரே. ஒரு சகலை போன இடத்துக்கு இன்னொரு சகலை வந்தார், அவ்வளவுதான். வரும்போது தன் மூத்த மகனையே அந்தரங்கச் செயலாளரா வச்சுக்கிட்டார்.

உறவு மட்டும் காரணம் இல்லை. பேரன் சார்லஸ் 1880ல வெளியுறவு வேலையில சேர்ந்தார். அந்தக் காலத்துல அந்த வேலைக்குப் பரீட்சை உண்டு. ஆனா யார் வேணா போய் எழுத முடியாது. வெளியுறவு அமைச்சர் பெயரைச் சொல்லி அனுமதிச்சாத்தான் எழுதலாம். தூதரகத்துக்குப் போகிறவங்களுக்கு வருஷம் 400 பவுண்டு சொந்த வருமானமும் இருக்கணும். முதல் உலகப் போர் முடியுற வரைக்கும் இந்த விதி இருந்தது. இப்போ புரியுதா? திறமை இருந்தாலும் ஒரு தொழிலாளி வீட்டுப் பையன் அந்த வாசலைக்கூடத் தொட முடியாது.

அதனாலதான் ஒரே காலத்துல ரெண்டு ஹார்டிஞ்ச் தூதரா இருந்தாங்க. 1904ல சார்லஸ் ரஷ்யாவுல தூதர். அவரோட சித்தப்பா மகன் ஆர்தர் ஹார்டிஞ்ச் அதே நேரம் பாரசீகத்துல, டெஹ்ரான்ல பிரிட்டிஷ் பிரதிநிதி. பாரசீகத்துல யார் கை ஓங்குறதுன்னு ரஷ்யாவும் பிரிட்டனும் போட்டி போட்ட காலம் அது. அந்தப் போட்டியோட ரெண்டு முனையிலயும் ஒரே தாத்தாவோட பேரன்கள்.

இன்னொண்ணு, இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைங்க விழுந்தாலும் அடிபடுறது குறைவு. முதல் உலகப் போர்ல மெசப்பட்டோமியாவுக்கு, அதாவது இன்னைக்கு ஈராக் இருக்கிற பகுதிக்கு, இந்தியப் படையைப் போதிய மருத்துவ வசதி இல்லாம அனுப்பினாங்க. 1916ல கூட்ங்கிற நகரத்துல அந்தப் படை துருக்கியர்கிட்ட சரணடைஞ்சது. ஆயிரக்கணக்கான நம்ம சிப்பாய்கள் கைதியானாங்க. 1917ல வந்த விசாரணை அறிக்கை வைஸ்ராயா இருந்த சார்லஸையும் பொறுப்பாளின்னு சொன்னது. அப்போ அவர் லண்டன்ல வெளியுறவு அலுவலகத்தோட தலைமைச் செயலாளர். ராஜினாமா கொடுத்தார், ஏத்துக்கலை. 1920ல பாரிஸுக்குத் தூதராப் போனார். அவர் மகன் அலெக்சாண்டர்தான் எட்டாம் எட்வர்டோட அந்தரங்கச் செயலாளர். ராஜா கட்டிக்க நினைச்ச சிம்ப்சன் அம்மா விஷயத்துல அரசாங்கமே பதவி விலகலாம், அவங்களை உடனே வெளிநாட்டுக்கு அனுப்பிடுங்கன்னு 1936 நவம்பர் 13ல ராஜாவுக்கே எச்சரிச்சு கடிதம் எழுதினவர். அடுத்த மாசமே ராஜா முடி துறந்தார்.

சரி, மெட்ராஸ் பேச்சுக்கு வர்றேன். உண்மைதான் தம்பி, நடந்த விஷயம்.

1912 டிசம்பர் 23. புதுத் தலைநகர் டெல்லிக்குள்ள யானை மேல ஊர்வலமா நுழையும்போது சாந்தினி சவுக்ல குண்டு விழுந்தது. பின்னால குடை பிடிச்சிருந்தவர் அங்கேயே இறந்தார். சார்லஸுக்கு முதுகுல பலத்த காயம். அந்த வழக்குல பின்னாடி நாலு பேரைத் தூக்குல போட்டாங்க. அந்தக் குண்டு விழுந்து ஒரு வருஷம்கூட ஆகலை, 1913 நவம்பர்ல இவர் மெட்ராஸ் வர்றார்.

அந்த நேரத்துல தென்னாப்பிரிக்காவோட நெட்டால் மாகாணத்துல என்ன நடந்தது? ஒப்பந்தக் கூலியாப் போனவங்கள்ல தமிழர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிஞ்சும் ஊர் திரும்பாம அங்கேயே இருந்தா ஆளுக்கு வருஷம் 3 பவுண்டு வரி. மனைவிக்கும் வரி, வளர்ந்த பிள்ளைங்களுக்கும் வரி. அவங்க மாசச் சம்பளமோ 1 பவுண்டுகூடத் தேறாது. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க வேலையை நிறுத்தினாங்க. காந்தியோட 2,000 பேருக்கு மேல எல்லை தாண்டி நடந்தாங்க. அரசாங்கம் சுரங்கத்தையே சிறையா மாத்தி, சவுக்கால அடிச்சு வேலை வாங்கினது. சேதி வந்து இங்க ஊரே கொதிச்சது.

அப்போதான் சார்லஸ் ஹார்டிஞ்ச் மெட்ராஸ் மேடையில, அநியாயமான சட்டத்தை எதிர்த்துப் போராடுற அந்த மக்கள் மேல இந்தியாவுக்கு ஆழமான அனுதாபம் இருக்கு, இந்தியர் அல்லாத என்னை மாதிரி ஆட்களுக்கும் இருக்குங்கிற கருத்தை வெளிப்படையாவே சொன்னார். பாரபட்சம் இல்லாத விசாரணைக் குழு வேணும்னும் கேட்டார். பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளயே இருக்கிற இன்னொரு அரசாங்கத்தை ஒரு வைஸ்ராய் பொது மேடையில கண்டிச்சதால லண்டன்லயும் தென்னாப்பிரிக்காவுலயும் கோபம் கிளம்பினது.

அதுல அரசியல் கணக்கும் இருந்தது. கோகலே மாதிரி மிதவாதிகளோட நம்பிக்கையை இழந்தா இங்க ஆட்சி நடத்தறது கஷ்டம்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் வெறும் கணக்குன்னு என்னால ஒதுக்க முடியலை. ரகசியமா ஒரு கடிதம் எழுதிட்டு இருந்திருக்கலாம், அதுதான் அவர் முப்பது வருஷம் பழகின வேலை. அவர் மேடையில பேசினார். அதோட விடலை, விசாரணைக்கு பெஞ்சமின் ராபர்ட்சன்ங்கிற அதிகாரியை இந்திய அரசு சார்பா தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியும் வச்சார்.

1914ல அந்த 3 பவுண்டு வரியை ரத்து பண்ணி சட்டம் வந்தது. தில்லையாடி வள்ளியம்மை அதைப் பார்க்கலை. அந்தப் போராட்டத்துல சிறைக்குப் போய், காய்ச்சலோட வெளிய வந்த அந்தப் பொண்ணு, அந்த வருஷம் பிப்ரவரி 22ல இறந்துட்டா. அப்போ அவளுக்கு வயசு 16.