கொடிமரத்தடியில் செருப்பைக் கழற்றும் கை

அனைவருக்கும் வணக்கம். முன் வரிசையில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது பெரும்பாலும் உங்களிடம்தான்.

ஆகஸ்ட் 14 சாயங்காலம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். பி.டி. வாத்தியார் மேசைமேல் கொடியை விரித்து, நடுவில் ரோஜா இதழும் செவ்வந்தியும் வைத்து, இழுத்தால் அவிழ்கிற மாதிரி சுருக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் காலை கம்பத்தடியைக் கழுவிக் கோலம் போட்டிருக்கும். பல ஊர்களில் கம்பத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். கயிற்றைப் பிடிக்க வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். கழற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. 2002ஆம் ஆண்டின் கொடி விதித் தொகுப்பு கொடிக்குள் பூவிதழ் வைக்கலாம் என்கிறது. கம்பத்தின் உச்சியில் பூவோ மாலையோ கூடாது என்கிறது. செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் கை தானாகவே குனிந்து அதைக் கழற்றுகிறது.

அந்தக் கைக்கு இது பழைய பழக்கம். கோயில் திருவிழா கொடியேற்றத்தோடுதான் தொடங்குகிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று ஏறுவதும் கொடிதான். நாகூரில் கந்தூரி தொடங்குவதும் கொடியேற்றத்தோடுதான். மூன்று இடத்துக்கும் ஒரே சொல். அப்புறம் சுதந்திர தினம் வந்தபோது அதற்கும் அதே சொல்லை எடுத்துக்கொண்டோம். சொல்லோடு சேர்ந்து பயபக்தியும் வந்துவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. மக்கள் தங்களிடம் இருந்த மரியாதையிலேயே உயர்ந்ததை எடுத்துக் கொடிக்குக் கொடுத்தார்கள். இதை நான் குறை சொல்ல மாட்டேன். கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிற மூன்று பேரும் ஒரே மாதிரி கழற்றுகிற செருப்பு அது.

உயிர்த்தியாகமும் இதில் சேர்ந்தது. 1932 ஜனவரியில் திருப்பூரில் போலீஸ் தடியடியில் விழுந்த குமரனுக்கு வயது 27. மண்டை உடைந்த பிறகும் கொடியை விடவில்லை என்பதால்தான் அவர் நமக்குக் கொடி காத்த குமரன். அதற்குப் பிறகு அதை வெறும் துணி என்று எந்தத் தமிழன் சொல்வான்?

ஆனால் வழிபாட்டின் சாயல் ஏறிய ஒன்றை எல்லோராலும் வணங்க முடியாது. 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தேசிய கீதத்தின்போது அந்தப் பிள்ளைகள் எல்லோரோடும் எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாட மட்டும் இல்லை. தங்கள் கடவுளைத் தவிர வேறெதற்கும் அந்த வணக்கம் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எழுந்து நின்றதே மரியாதைதான் என்றது. அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

கொடிக்குச் செய்யும் மரியாதைக்கு நாம் வைத்திருக்கும் பெயரையே பாருங்கள்: கொடி வணக்கம். நாம் மரியாதை என்ற பொருளில் சொல்கிற சொல்லில் வழிபாடும் இருக்கிறது. தேசிய கீதத்தில் அந்தப் பிள்ளைகளின் காதில் விழுந்ததும் அந்த இரண்டாவது பொருள்தான். தவறாகக் கேட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, இப்போது நிறங்களுக்கு வருகிறேன். என்னை உண்மையில் வருத்துவது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணீரென்று பேசினாள். "காவி இந்துக்களைக் குறிக்கிறது, வெள்ளை கிறிஸ்தவர்களைக் குறிக்கிறது, பச்சை முஸ்லிம்களைக் குறிக்கிறது" என்றாள். அவள் பச்சை என்றதும் கூடத்தில் பாதிப் பிள்ளைகள் திரும்பி இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பையனைப் பார்த்தார்கள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அந்த நிமிஷம் வரை அவன் அந்த வகுப்பில் ஒரு மாணவன். அப்புறம் கொடியில் ஒரு பட்டை ஆகிவிட்டான்.

அந்தப் பெண் சொன்னது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1921இல் காந்தியே சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்ற மதங்களுக்கு என்றுதான் எழுதினார். அதற்கும் முன்னால் பாரதி பாடிய கொடியில் ஒரு பக்கம் இந்திரனின் வச்சிரம், மறுபக்கம் இளம்பிறை. எல்லோரையும் உள்ளே அழைக்கிற நல்ல மனசுதான். ஆனால் மதத்துக்கொரு நிறம் என்று ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1931இல் காங்கிரஸ் ஏழு பேர் கொண்ட குழுவைப் போட்டது; படேல், நேரு, ஆசாத், சீக்கியத் தலைவர் தாரா சிங் எல்லோரும் அதில் இருந்தார்கள். கொடி முழுவதும் ஒரே காவி நிறமாக, அதில் ஒரு ராட்டை இருக்கட்டும் என்றது குழு. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. மூவர்ணத்தையே வைத்துக்கொண்டு, இந்த நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதிவைத்தது: காவி தைரியமும் தியாகமும், வெள்ளை உண்மையும் அமைதியும், பச்சை நம்பிக்கையும் வீரமும்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு அதையே திரும்பச் சொன்னார். ராட்டை போய், சாரநாத் தூணிலிருந்து 24 ஆரங்கள் கொண்ட சக்கரம் வந்தது. ராதாகிருஷ்ணன் அன்று பேசியபோது காவியைப் பற்றற்ற தன்மை என்றார், வெள்ளையை ஒளி என்றார், பச்சையை மண்ணோடும் பயிரோடும் நமக்கிருக்கும் உறவு என்றார். துறவும் தர்ம சக்கரமும் சமயத்திலிருந்து வந்தவைதானே என்று கேட்கலாம். ஆமாம், வந்தவைதான். ஆனால் இந்த நிறம் உன்னுடையது, அந்த நிறம் அவனுடையது என்று அவை யாரையும் பிரித்து உட்கார வைக்கவில்லை.

பெரியவர்கள் வாதாடி, ஒரு யோசனையைத் தள்ளி, எழுத்தில் போட்டு நீக்கிய பொருள் அது. 90 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வருடா வருடம் கட்டுரை நோட்டு வழியாக அதைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

போட்டி முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு 1947 கதையைச் சொன்னேன். "எங்க நோட்ஸ்ல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றாள். அப்புறம் என் பேனாவை வாங்கி, கையில் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து, அந்த வரியை அடித்தாள். அதற்கு மேலே பொடி எழுத்தில் 'மண், பயிர்' என்று எழுதிக்கொண்டாள்.