வரைபடத்தில் இல்லாத ஓடை

(கோத்தகிரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மலையை அளந்து வரைபடம் போடுவது எப்படி, அதில் எது விட்டுப்போகிறது என்று இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஊட்டியில் சோறு வேக நேரமாகும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அந்தக் காலத்தில் மலை அளக்க வந்தவர்களுக்கு இதுவே ஒரு வழி. உச்சியில் அடுப்பு மூட்டி, தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்குப் போட்டார்கள்.

1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தரையில் ஒரு நேர்கோட்டை அளந்தார். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் கிடைத்தால் முக்கோணம் முழுவதும் கிடைத்துவிடும். அப்படி முக்கோணம் முக்கோணமாகவே நாட்டை அளந்தார்கள். 1821இல் வார்டு என்ற நில அளவை அதிகாரி பழனி மலையை அளக்கப் போனார். கோணம் பார்க்க எதிர் உச்சி தெரிய வேண்டும். நம் மலையில் மூடுபனி விலகக் காத்திருப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இன்றைக்கு? 2000 பிப்ரவரியில் ஒரு விண்கலம் பதினோரு நாளில் உலக நிலப்பரப்பில் பெரும்பகுதியை ரேடாரால் அளந்துவிட்டது. எனக்கு அதில் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அவலாஞ்சிப் பக்கம், வனத்துறை அனுமதியோடு நடந்தபோது, அந்த அளவிலிருந்து வரைந்த படம் சமமான சரிவு என்று காட்டிய இடத்தில் என் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

காரணம் ஷோலைக் காடு. நம் மேட்டில் புல், மடிப்பில் மரம். ரேடார் அலை பெரும்பாலும் மரத்தலையில் பட்டே திரும்பிவிடும். பன்னிரண்டு மீட்டர் பள்ளத்தில் பன்னிரண்டு மீட்டர் மரம் நின்றால் படத்தில் பள்ளமே இருக்காது. உள்ளே ஓடும் தண்ணீரும் இருக்காது.

எங்களோடு வந்த படகர் இனப் பெரியவர், "தம்பி, கொஞ்சம் நில்லுங்க, சத்தம் கேக்கும்" என்றார். நின்றோம். வேருக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம். அந்த ஓடைக்கு மேலே ஒரு பெயர், எருமை இறங்கும் இடத்தில் இன்னொரு பெயர் சொன்னார். வரைபடத் தாளை முழங்காலில் விரித்துக் குறித்துக்கொண்டேன்.

2009 நவம்பர் மழையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஓடை இருப்பதே தெரியாமல் அதை மறித்து ரோடு போட்டால், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவைத் தளர்த்திவிடும். அதனால்தான் இந்தச் சின்ன ஓடைகளை வரைபடத்தில் விட்டுவிடமாட்டேன் என்கிறேன்.

நீலகிரி வரைபடத் தாள்களை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் ஓடை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பக்கத்திலேயே பென்சில் இருக்கிறது.