கையெழுத்துப் போட்ட பிறகு மருந்து ஆய்விலிருந்து விலகலாமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "என் அம்மாவுக்குப் பல வருடமாக நோய். புது மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்க்க என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கொடுப்பார்களாம். இது நோயாளிக்குச் செய்யும் துரோகம் இல்லையா? கையெழுத்துப் போட்ட பிறகு விலக முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விலகலாம். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். விலகிவிட்டார் என்பதற்காக வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. ஆனால் மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள்.

சரி, மருந்து இல்லாத மாத்திரை. பிளாசிபோ என்பார்கள். பல நோய்கள் தாமாகவே ஏறும், இறங்கும். மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே சிலருக்குத் தெம்பு தரும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாவிட்டால், குணம் தெரிந்தது மருந்தாலா வேறு எதனாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை செய்யும் மருந்து ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது, அதைக் கொடுக்காமல் மறைத்து வைப்பதுதான் துரோகம்.

அப்படி நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறையே ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களிடம் என்ன நோய் என்றே சொல்லவில்லை. 'கெட்ட ரத்தம்' என்று சொல்லி வைத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க அழைத்தபோது, இலவசமான சிறப்புச் சிகிச்சை என்று கடிதம் எழுதினார்கள். 1940களின் இறுதிக்குள் பெனிசிலின் அந்த நோய்க்கு முறையான மருந்தாகிவிட்டது. அப்போதும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நாற்பது வருடம்! அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது. ஆய்வைச் சிகிச்சை என்று நம்பவைத்ததுதான் அங்கே எல்லாக் கேட்டுக்கும் வேர்.

உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்டுப் பல முறை திருத்திய ஹெல்சிங்கி பிரகடனம், அதாவது மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறை, இதில் தெளிவாக இருக்கிறது. நிரூபணமான சிகிச்சை இருந்தால் புது மருந்தை அதோடுதான் ஒப்பிட வேண்டும். விதிவிலக்கு உண்டு. ஆனால் பிளாசிபோ எடுப்பவருக்குத் தீவிரமான அல்லது மீள முடியாத கேடு கூடுதலாக வரக்கூடும் என்றால் அதற்கும் இடமில்லை. பல ஆய்வுகளில் எல்லாருக்கும் வழக்கமான மருந்து தொடரும், அதற்கு மேல்தான் புது மருந்தோ பிளாசிபோவோ சேரும். அதனால் அம்மா இப்போது சாப்பிடும் மருந்து தொடருமா, நிறுத்துவார்களா என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. அம்மாவுக்கு எது போகும் என்று மருத்துவர் பார்த்து முடிவு செய்வதில்லை. குலுக்கல் போலத்தான் அது முடிவாகும். இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம், "என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்து, சொன்னால் புரியும் என்றால், முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டலாம். படித்த பிறகு, "இது எதற்கு? என்ன ஆபத்து வரலாம்? வேண்டாம் என்றால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவருடைய சொந்த வார்த்தையில் பதில் வந்தால்தான் அது ஒப்புதல். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறோம் என்று சொல்லுங்கள். இன்றே, இப்போதே போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் போட வேண்டாம்.